பெல்ட்டைக் கழற்றினால் மேனுவல் ஆகிவிடாது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டியரிங் பற்றியவை. களக்காட்டிலிருந்து வந்த ஒரு கடிதம் மட்டும் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியிருப்பதால், கிளட்ச், ஏசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி, என்னிடம் 2008 மாடல் இண்டிகா டீசல் இருக்கிறது. பவர் ஸ்டியரிங் வண்டி. ஆறு மாதமாக ஸ்டியரிங் ஆயில் ஒழுகுகிறது. வாரம் ஒரு தடவை ஊற்றி ஊற்றி ஓட்டுகிறேன். ராக் (சக்கரங்களைத் திருப்புகிற பல்தண்டு) மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இங்கே ஒருத்தர், “ஸ்டியரிங் பம்ப் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க, அந்தக் காலத்து வண்டியெல்லாம் மேனுவல்தானே” என்கிறார். எனக்கு வயது 61. வாழைத் தோட்டத்துக்கும், நாங்குநேரி, வள்ளியூருக்கும்தான் போவேன். பவரை எடுத்துவிட்டு மேனுவலாக மாற்றிவிடலாமா?
– வாசகர், களக்காடு

நீங்கள் எனக்கு ஏழு வயது மூத்தவர். அதனால் நான்தான் உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும்.

அண்ணாச்சி, பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். நானே அதைச் செய்து, ஒருவரைப் படுக்கையில் போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

2009 ஐப்பசி மாதம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வண்டியை எங்கள் வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். ஸ்டியரிங் பம்ப் ஊளையிட்டது. மதுரையிலிருந்து பம்ப் வரப் பத்து நாள் ஆகும். வீட்டில் கல்யாண வேலை, வண்டி இல்லாமல் முடியாது என்றார். நான் பெல்ட்டைக் கழற்றி, “கொஞ்சம் கனக்கும், மெதுவா ஓட்டுங்க” என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் சேரன்மகாதேவி தாண்டிப் போகும்போது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியிருக்கிறது. அவர் இடது பக்கம் ஒடித்தார். கன்று தப்பியது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொண்டுவர அவரால் முடியவில்லை. வண்டி நேராக வயலுக்குள் இறங்கிவிட்டது. நடவு முடிந்து சேறும் தண்ணீருமாகக் கிடந்த வயல் என்பதால் காறை எலும்பு முறிவோடு போயிற்று. அங்கே ஒரு மரமோ பாலத்துக் கட்டையோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

வண்டியை இழுத்து வெளியே எடுக்க நான்தான் போனேன். சேற்றில் நின்றுகொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் இரண்டு விரல்கடை தூரம் சும்மா போயிற்று. அதற்குப் பிறகு கல் மாதிரி இறுகியது. மெதுவாகத் திருப்பினால் வழிவிட்டது, வேகமாகத் திருப்பினால் எதிர்த்துத் தள்ளியது. அது ஏன் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். முன்பே யோசித்திருக்க வேண்டும்.

காரணம் இதுதான். உங்கள் வண்டியில் ஸ்டியரிங் ராக்குக்கு உள்ளேயே ஒரு பிஸ்டன் இருக்கிறது. எஞ்சின் அந்தப் பெல்ட்டால் சுற்றுகிற பம்ப் அனுப்பும் ஆயில் அந்தப் பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளுகிறது. அதுதான் நமக்குக் கிடைக்கிற உதவி. பம்ப் நின்றுபோனாலும் பிஸ்டன் அங்கேதான் இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் ஆயிலும் இருக்கிறது. இப்போது நீங்கள் திருப்பும்போது, சக்கரத்தைத் திருப்புவதோடு அந்த ஆயிலையும் வால்வின் சின்னச் சின்ன ஓட்டை வழியாக நீங்களே பிதுக்கித் தள்ள வேண்டும். மருத்துவமனை ஊசிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அமுக்கினால் இறங்கும், வேகமாக அமுக்கினால் கட்டைவிரல் வலிக்கும். ஆக, அவசரத்துக்குச் சட்டென்று ஒடிக்க வேண்டிய அந்த நொடியில்தான் ஸ்டியரிங் மிக அதிகமாகக் கனக்கும்.

அந்த இரண்டு விரல்கடை விளையாட்டுக்குக் காரணம் வேறு. ஸ்டியரிங் தண்டுக்கும், ராக்கோடு கோர்த்த பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்துக்கும் நடுவில் டார்ஷன் பார் என்று மெல்லிய ஒரு கம்பி இருக்கிறது. நீங்கள் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்கள் என்பதை அந்தக் கம்பி முறுக்கிக்கொள்வதை வைத்துத்தான் வால்வ் தெரிந்துகொள்கிறது. ஆயில் அழுத்தம் இருக்கும்போது அந்த முறுக்கு நம் கைக்குத் தெரியாது. அழுத்தம் இல்லையென்றால் கம்பி கடைசி வரை முறுக்கிக்கொண்டு முட்டிய பிறகுதான் சக்கரம் அசையும். நேர் ரோட்டிலேயே வண்டி கொஞ்சம் அலைபாய்வது போலத் தோன்றும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேனுவலாகவே தயாரித்த சின்னக் கார்களில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப ஏறக்குறைய நான்கு சுற்று ஆகும். பவர் வண்டிகளில் பெரும்பாலும் மூன்று சுற்றுதான். பம்ப் உதவி செய்யும் என்ற தைரியத்தில் சுற்றைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நான்கு சுற்றில் செய்ய வேண்டிய வேலையை மூன்று சுற்றில் செய்தால் ஒவ்வொரு சுற்றும் கனக்கத்தானே செய்யும்? முன்சக்கரத்தின் சாய்வுக் கோணத்தையும் பவர் வண்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பது வழக்கம். நேராக ஓட அது நல்லது, கையால் திருப்பக் கஷ்டம். போதாததற்கு உங்களுடையது டீசல். அந்த எஞ்சின் கனம் முழுக்க முன்சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் அந்தக் காலத்து மேனுவல் வண்டியும் பவரைப் பிடுங்கிய வண்டியும் ஒன்றில்லை என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். உங்களுக்கு யோசனை சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நானும் அன்றைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

சரி, இனி என்ன செய்யலாம்?

ராக்கை மாற்றுவதற்கு முன்னால், ஒழுகுவது ராக்தானா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் அது எங்கேயும் இல்லை. பம்ப், மேலே ஆயில் ஊற்றுகிற டப்பா, அழுத்த ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ், ராக் என்று ஐந்து இடம் இருக்கிறது. அடியில் டீசல் போட்டு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் பழைய நாளிதழை விரித்து வையுங்கள். காலையில் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு கோடியில் ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் சூடாகிக் கெட்டுப்போகும். ராக்கின் இரண்டு முனையிலும் அக்கார்டியன் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக ரப்பர் இருக்கிறதே, அதைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் சளசளவென்று இருந்தால் ராக் சீல் (ஆயிலை உள்ளே நிறுத்துகிற ரப்பர் வளையம்) போய்விட்டது. காய்ந்து இருந்தால் ராக்கின் முனைச் சீல்கள் நன்றாக இருக்கின்றன, ஹோஸையோ, பம்ப் சீலையோ, ஸ்டியரிங் தண்டு ராக்குக்குள் நுழைகிற இடத்துச் சீலையோதான் பார்க்க வேண்டும். ஹோஸ் என்றால் டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடையிலேயே அழுத்தத்துக்கு ஏற்றபடி புதிதாக அடித்துத் தருவார்கள். அந்த ஹோஸில் 60 முதல் 100 பார் வரை அழுத்தம் வரும். மோட்டார் பம்பு ரப்பர் குழாயைச் சொருகி கிளிப் போடுகிற வேலை அங்கே நிற்காது.

ராக் சீல்தான் போயிருக்கிறது என்றாலும் முழு ராக் தேவைப்படாமல் போகலாம். ராக்கைப் பிரித்து, உள்ளே இருக்கிற தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் சீல் கிட் போட்டால் போதும், நீங்கள் சொன்ன தொகையில் பாதிகூட ஆகாது. தண்டில் துருப்புள்ளி விழுந்து நகத்தில் நெருடினால் சீல் போடுவது வீண். அந்தப் புள்ளி புதுச் சீலையும் அறுத்துவிடும், நாலைந்து மாதத்தில் மறுபடியும் ஒழுகும். அப்போது வேறு ராக்தான்.

வாரா வாரம் என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. டப்பா மூடியில் போட்டிருக்கிற ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரேக் ஆயில் பட்டால் பவர் ஸ்டியரிங் சீல் ஊறி உப்பி வீணாகிவிடும். ஒருவேளை அப்படி ஊற்றியிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழுக்கக் கழுவாமல் புதுச் சீல் போட்டால் அதுவும் போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மேனுவல்தான் வேண்டும் என்றால், ஒரு நேர்வழி இருக்கிறது. இண்டிகாவில் பவர் இல்லாத மாடலும் வந்தது. அந்த மேனுவல் ராக்கை நல்ல நிலையில் தேடிப் பிடித்து, முழுதாக மாற்ற வேண்டும். ராக் மட்டும் வந்தால் போதாது. ஸ்டியரிங் தண்டை ராக்கோடு இணைக்கிற ஜாயின்ட், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடின் நீளம், ராக் உட்காருகிற பிராக்கெட் எல்லாம் பொருந்துகிறதா என்று பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். ராக் பழைய இடத்திலிருந்து மேலேயோ கீழேயோ மாறி உட்கார்ந்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். பம்பை எடுத்த பிறகு அதன் பெல்ட் வேறு எதையாவது சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்ததா என்று பார்த்து, தேவையென்றால் சரியான நீளத்தில் வேறு பெல்ட் போட வேண்டும். வீல் அலைன்மென்ட் கட்டாயம். செய்தால் இவ்வளவும் செய்ய வேண்டும். பாதியில் நிறுத்தக்கூடாது.

நடுவில் இன்னொரு வழியும் சிலர் சொல்வார்கள். பவர் ராக்கையே பிரித்து, பிஸ்டன் சீலை எடுத்துவிட்டு, டார்ஷன் பாரை வெல்டிங் வைத்து அசையாமல் செய்து, கிரீஸ் அடைத்து மாட்டுவது. ரேஸ் வண்டிக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் செய்ய மாட்டேன். டவுனில் கைதேர்ந்த லேத்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதப்படுத்திய இரும்பில் வெல்டிங் சூடு பட்டால் அதன் பதம் கெடும். ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் விரிசல் விட்டு முறிந்தால், கையில் ஸ்டியரிங் இருக்கும், சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. உங்கள் வண்டிக்கு 15 வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள். அடுத்த முறை காட்டும்போது ஸ்டியரிங்கையும் பார்ப்பார்கள். ஸ்டியரிங் வீலில் வெறும் விளையாட்டு 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கம்பெனி மேனுவல் ராக் போடுவதானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

என் யோசனை, சீல் போட்டுப் பவரோடு ஓட்டுங்கள். 61 வயதில், வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு, வரப்பு ஓரத்தில் வண்டியைத் திருப்புகிறவருக்கு அந்தப் பவர் வேண்டும். ராக்கைப் பிரித்துத் தண்டைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

நான் 1978 முதல் அம்பாசடர் ஓட்டியவன். பவர் என்ற பேச்சே கிடையாது. உவரியிலிருந்து மெட்ராஸ் வரை போய் வந்திருக்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கையில் பலம் இல்லையா?
– ஓய்வுபெற்ற வாசகர், திசையன்விளை

ஐயா, பலம் குறையவில்லை. வண்டி மாறிவிட்டது. அம்பாசடருடைய ஸ்டியரிங் வீல் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். நீளமான ஸ்பேனர் போட்டால் இறுகிய நட் லேசாகத் திரும்புவதைப் போலத்தான். டயரும் 5.90-15, உயரமாக, ஒல்லியாக இருந்தது. ரோட்டில் படுகிற இடம் குறைவு. இன்றைய வண்டியில் டயர் அகலம், வீல் சிறியது.

பவர் ஸ்டியரிங் நாம் நினைப்பதைவிடப் பழைய சங்கதி. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1926-லேயே ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த காரில் வர 1951 ஆயிற்று, கிரைஸ்லர் இம்பீரியலில். கால் நூற்றாண்டு அது காத்துக் கிடந்தது.

ஆனால் உங்களிடம் இருக்கிற ஒரு பழக்கம் இன்றைக்கு ஓட்டுகிறவர்களிடம் இல்லை. நீங்கள் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கவே மாட்டீர்கள். அரை அடியாவது வண்டி உருண்ட பிறகுதான் திருப்புவீர்கள். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் வீடு டவுனில், கீழ ரத வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. முக்குக்கு வந்து நின்றுவிட்ட தேரை ஆயிரம் பேர் சேர்ந்தாலும் நின்ற இடத்தில் திருப்ப முடியாது. வடம் இழுத்து உருளத் தொடங்கிய பிறகு, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கிறவர் சரியான பக்கம் கொடுத்தால் அவ்வளவு பெரிய தேர் மெல்ல முகம் திருப்பும். மேனுவல் ஸ்டியரிங்குக்கும் அதே கணக்கு. உருளும் சக்கரம் லேசாகத் திரும்பும். நின்ற சக்கரத்தைத் திருப்பினால் டயர் ரோட்டில் தேயும், டை ராடு அடி வாங்கும். பவர் வண்டிக்காரர்களும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் ராக்குக்கும் பம்புக்கும் ஆயுசு கூடும். உங்கள் பேரன் பேத்திக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் ஐயா.

அண்ணாச்சி, அப்பாவின் ஸ்விஃப்ட்டில் ஸ்டியரிங் பொம்மைக் கார் மாதிரி இருக்கிறது. ரோடு கைக்குத் தெரியவே மாட்டேங்கு. பவர் ஸ்டியரிங் ஃபியூஸை எடுத்துவிட்டால் ரேஸ் கார் மாதிரி ஆகிவிடும் என்று நண்பன் சொல்கிறான். எடுக்கலாமா?
– பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

எடுக்காதே தம்பி.

உன் அப்பா வண்டியில் இருப்பது ஆயில் பவர் கிடையாது, மின்சாரப் பவர். ஸ்டியரிங் தண்டிலேயே ஒரு மோட்டாரும், நீ கொடுக்கிற பலத்தை அளக்கிற சென்சாரும் இருக்கின்றன. 1988-ல் சுசுகி கம்பெனிதான் செர்வோ என்ற தன் சின்னக் காரில் இதை முதன்முதலில் கொண்டுவந்தது. ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, ஒழுகல் இல்லை. தேவைப்படும்போது மட்டும் கரண்ட் எடுக்கும்.

ஃபியூஸை எடுத்தால் மோட்டார் வேலை செய்யாது, ஆனால் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். நீ திருப்புகிற ஒவ்வொரு முறையும் அந்தச் செத்த மோட்டாரையும் அதன் பல்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றுவாய். வளைவு முடிந்ததும் வீல் தானாக நடுவுக்கு வருகிறதே, அதற்கும் அந்த மோட்டார் கொஞ்சம் உதவி செய்கிறது. அதுவும் போய்விடும். நீ எதிர்பார்க்கிற ரோடு உணர்வு வராது, பிசின் ஒட்டிய மாதிரி இருக்கும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கைப் பார்த்துப் பழகிவிட்டால் நாளைக்கு நிஜமான கோளாறு வரும்போதும் உனக்குத் தெரியாது.

உன் ஆசை எனக்குப் புரிகிறது, அது நல்ல ஆசை. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி பக்கம் போயிருக்கிறாயா? கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அறைகிற இடம், காற்றாலையெல்லாம் அதற்காகத்தான் அங்கே நிற்கின்றன. பழைய மேனுவல் வண்டியில் அந்தக் காற்று முதலில் உள்ளங்கையில்தான் தெரியும். வண்டி விலகுவதற்கு முன்பே கை பதில் சொல்லிவிடும். மின்சாரப் பவரில் அந்தச் சேதி பாதிதான் வந்து சேருகிறது. அந்தக் குறை எனக்கும் உண்டு. அதற்கு ஃபியூஸைப் பிடுங்குவது மருந்தாகாது. முன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா, அலைன்மென்ட் சரியா என்று பார். டயர் தேய்ந்திருந்தால் நல்ல டயர் போடச் சொல்லு. பாதி வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

ரேஸ் பற்றிக் கேட்டாய். ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டியரிங் உண்டு. அதற்கு ஒரு படி கீழே இருக்கிற ஃபார்முலா 2 காரில் கிடையாது. அங்கே ஓட்டுகிற பையன்களின் கழுத்தையும் முன்கையையும் பார், வருஷக்கணக்கில் உடற்பயிற்சி செய்து வளர்த்தது. பவர் இல்லாத ஸ்டியரிங் எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரிய வேண்டுமானால் கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டியை ஓட்டு. அதில் பவரும் கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது, ரோட்டில் கிடக்கிற சின்னக் கல் வரைக்கும் கைக்கு வந்து சேரும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. செமஸ்டர் லீவில் போய் வா, நானே உன் அப்பாவிடம் பேசுகிறேன். அவர் வண்டியை அவருக்கே விட்டுவிடு.

ஆரியங்காவு பக்கமிருந்து இறக்கத்தில் வரும்போது டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுகிறேன். அப்போது ஸ்டியரிங் கனக்கு. பம்ப் கோளாறா?
– வாடகை வண்டி ஓட்டுநர், செங்கோட்டை

கோளாறு எதுவும் இல்லை. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். நான் மேலே எழுதிய பெல்ட் கழற்றிய வண்டியை, நீங்கள் மலைப்பாதை வளைவில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக். எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான், பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டரில் உதவி மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் பாறையாகிவிடும். சாவி தப்பித்தவறிக் கடைசி வரை திரும்பிக் கழன்று வந்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

மிச்சமும் ஆகாது. இப்போதுள்ள வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, இறக்கத்தில் எஞ்சினுக்கு எரிபொருள் போவது தானாக நின்றுவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். உங்களை நம்பி ஏறியவர்களின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. 2010 மாருதி 800 வைத்திருக்கிறேன். வாங்கியபோது லேசாக இருந்த ஸ்டியரிங் இந்த ஒரு வருஷமாக மிகவும் கனக்கிறது. தோள்பட்டை வலி. பவர் ஸ்டியரிங் பொருத்த முடியுமா?
– வாசகி, மேலப்பாளையம்

அம்மா, நீங்களே பதிலைப் பாதி எழுதிவிட்டீர்கள். முன்பு லேசாக இருந்தது, இப்போது கனக்கிறது என்றால் பவர் இல்லாதது காரணமாக இருக்க முடியாது. எதுவோ இறுகியிருக்கிறது. எண்ணூறு பிறந்ததிலிருந்தே மேனுவல், அதற்கு ஏற்ற எடையில் செய்த வண்டி. நன்றாக இருக்கிற எண்ணூறைக் கல்லூரிப் பிள்ளை ஒற்றைக் கையில் திருப்பும்.

ஒரு சின்னச் சோதனை. மெக்கானிக்கிடம் சொல்லி முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். இப்போது நீங்களே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அந்தரத்தில் லேசாகச் சுற்றினால் கோளாறு டயரில். காற்று குறைவாக இருக்கும், அல்லது யாராவது அகல டயர் மாட்டியிருப்பார்கள், அல்லது அலைன்மென்ட் கெட்டிருக்கும். உங்கள் வண்டிக்கு 145/70 R12 டயர்தான். காற்று எவ்வளவு என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

அந்தரத்திலும் கனமாக இருந்தால், டை ராடு முனைகளைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்பச் சொல்லுங்கள். லேசாகிவிட்டால் இறுக்கம் சக்கரத்துப் பக்கம், கீழ் பால் ஜாயின்ட்டிலோ ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கிலோ இருக்கும். அப்படியும் கனத்தால் ராக்கையும் ஸ்டியரிங் தண்டின் ஜாயின்ட்டையும் பார்க்க வேண்டும். மழையில் நின்ற வண்டிகளில் அந்த ஜாயின்ட் துருப்பிடித்து இறுகுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் லேசாகவும் அடுத்த கால் சுற்றில் கனமாகவும் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் அதுதான்.

எண்ணூறில் பவர் பொருத்த ஆசைப்பட வேண்டாம். கம்பெனி கொடுக்காத ஒன்றை ஸ்டியரிங்கில் ஒட்டவைப்பது எனக்குச் சம்மதமில்லை. இந்த இறுக்கத்தைச் சரிசெய்த பிறகும் தோள் வலித்தால், வைத்தியர் சொல்கிறபடி, பவர் ஸ்டியரிங்கோடு வந்த ஆல்ட்டோ மாதிரி ஒரு சின்ன வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வண்டியை வண்ணார்பேட்டைக்குக் கொண்டுவாருங்கள். காலை பத்து மணிக்கு வந்தால், ஜாக்கி போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும்.